இரண்டரைப் பென்னி நீலம்

(மொன்செராட் தீவு, பிளிமத் தபால் நிலையம், 1932)

கப்பல் தூரத்திலேயே நின்றுவிடும்.
எங்களுக்குத் துறைமுகம் கிடையாது.
படகோட்டி செஃபாஸ் டேலி
இடுப்பளவு அலையில் இறங்கி
தலைமேல் தூக்கி வந்தான் பெட்டியை.
உள்ளே முந்நூறு ஆண்டுகள்,
தாள் தாளாக,
ஓரங்களில் ஊசித்துளையோடு.

போஸ்ட்மாஸ்டர் எண்ணினார். நான் எண்ணினேன்.
ஒரு தாள் நனைந்திருந்தது.
அதற்கும் ரசீது எழுதினோம்.

தபால்தலைக்குள் எங்கள் ஊர்,
கடலிலிருந்து வருகிறவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி.
கூடவே அரசர்.
லண்டனில் எவனோ
புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துச் செதுக்கியிருப்பான்.
பூதக்கண்ணாடியை எடுத்து
நான் உட்காரும் சன்னலைத் தேடினேன்.
கிடைத்தது, ஒரு கீறல்.
மை சிந்தியதாகவும் இருக்கலாம்.

வெளியீட்டு நாளில் நேரில் வந்தவர்கள் நான்கு பேர்.
மற்றவர்கள் உறைகளாக வந்தார்கள்,
லீட்ஸிலிருந்து, பாஸலிலிருந்து, ஒஹையோவிலிருந்து,
தங்கள் விலாசத்தைத் தாங்களே எழுதிக்கொண்டு.
உள்ளே கடிதம் இல்லை.
மடங்காமலிருக்க ஓர் அட்டை மட்டும்.
"முத்திரையை மூலையில், மெல்லக் குத்தவும்"
என்று ஒருவர் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.
குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோலக் குத்தினேன்.
யாருக்கும் எதுவும் சொல்லாத
இருநூற்றுப் பதினொரு உறைகள்
அலுங்காமல் போய்ச் சேர்ந்தன.
கரும்பு வெட்டப் போனவர்கள்
டாலர் வைத்து அனுப்பும் கடிதங்கள்
இங்கே இவ்வளவு பத்திரமாக வந்ததில்லை.

நாலாவதாக வந்தவள் தியடோசியா வீக்ஸ்.
ஹாரிஸிலிருந்து மலையிறங்கி நடந்து,
முடியில் பருத்திப் பஞ்சோடு.
கியூபாவில், பரகுவா ஆலையில், மகன் லெமுவல்.
இரண்டு வருடமாகச் சேதி இல்லை.

"முந்நூறு வருஷமா? யாருக்கு?" என்றாள்.
விதிப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.
"இதில என் வீடு எங்க?"
மலையைக் காட்டினேன். "மேகத்துக்குப் பின்னால."
கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.
"அப்ப சரியாத்தான் வரஞ்சிருக்கான்.
அங்க எப்பவும் மேகந்தான்."

இரண்டரைப் பென்னி நீலம்.
சில்லறையை ஒவ்வொன்றாக வைத்தாள்.
எச்சில் தொடாமல்
பஞ்சில் நனைத்து ஒட்டினாள்,
ஊர் நேராக நிற்கும்படி.
பழக்கதோஷம்,
அவள் கடிதத்திலும் மூலையில் மெல்லக் குத்திவிட்டேன்.

நவம்பரில் அது திரும்பி வந்தது.
பின்பக்கம் சான்டியாகோ, கமகுவே,
வேறேதோ ஊர், தேய்ந்த வட்டங்கள்.
பென்சிலில் ஸ்பானிய மொழியில்: இங்கு இல்லை.
உறை பிரிக்கப்படவில்லை.
தபால்தலையைத்தான் காணோம்.
வழியில் யாரோ கெண்டி ஆவியில் காட்டி
பதமாக உரித்திருக்கிறார்கள்.
என் முத்திரையின் பாதி வட்டம் உறையில் இருக்க,
மீதி ஊரோடு போய்விட்டது.
அது ஒட்டியிருந்த இடம் மட்டும்
வெயில் படாத தோல்போல் வெளுத்திருந்தது.

தியடோசியா உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிரிக்கவில்லை.
"அதே ஊர் ஒண்ணு குடு."

தீர்ந்துவிட்டது. ஜூலையிலேயே.
கடைசிப் பத்துத் தாளை பாஸல்காரர்
மொத்தமாக வாங்கிக்கொண்டார்.
இருப்பது பழைய அரசர்தான், சின்னது.
"குடு. போகும்ல?"
"போகும்."
"அதே விலாசம்தான்," என்றாள்,
நான் எதுவும் கேட்காதபோது.

வெளுத்த இடத்தின்மேல் ஒட்டினாள். போதவில்லை.
அரசரைச் சுற்றி நாலு பக்கமும்
வெள்ளையாக ஒரு விளிம்பு நின்றது.

முத்திரையை மையில் இரண்டு முறை புரட்டினேன்.
மூலையில் இல்லை, முகத்தின் நடுவில்,
மேசை அதிர,
இனி யாரும் ஆசைப்பட்டு
உரித்தெடுக்க முடியாதபடி
குத்தினேன்.