ஒன்று முதல் பத்து வரை

வெனிசியூவில் மின்தூக்கி ஓடாத நாள்.
ஏழாம் மாடிக்கு மூச்சுவாங்க ஏறுகிறேன்.
கையில் அரசாங்கம் தந்த கணினிப் பலகை,
கழுத்தில் அடையாள அட்டை.
அட்டையில் சிரிக்கிறவள்
என்னைவிடப் பத்து வயது இளையவள்.

காலையில் லூர்தெஸ் கிந்தெலாவிடம் கேட்டேன்.
ஊருக்கு வெளியே சொந்த வீடு.
முகப்பில் நீல ஓடு பதித்தவர் அவள் தகப்பன்.
வாசலில் இரண்டு வேன்,
இரண்டிலும் குடும்பப் பெயர் கொட்டை எழுத்தில்.
படிப்பு? பதினெட்டோடு சரி,
முடிதிருத்தும் தொழிலுக்கு ஒரு சான்றிதழ்.
கடன்? அடைத்தாயிற்று.
கடைசியாக வேலை தேடியது எப்போது?
'தேடுவதென்றால்?' என்று
திருப்பிக் கேட்டாள். கிண்டல் இல்லை,
நிஜமாகவே விளங்கவில்லை அவளுக்கு.
நாற்பத்தேழாம் கேள்வி:
வாழ்க்கை எவ்வளவு திருப்தி, ஒன்று முதல் பத்து வரை?
காப்பி ஆறும்வரை யோசித்தாள்.
ஐந்து.
ஏன் என்று கேட்க எனக்கு அனுமதியில்லை.

இப்போது நவேல் பென்செர்கா,
அதே பள்ளியில் அதே பெஞ்சு.
வாடகை வீடு. அலமாரி மேல்
முதுகலைப் பட்டம், தூசி துடைத்து.
தகப்பன் பிறந்த நாடு?
'அவர் பிறந்தபோது அது பிரான்ஸ்.
உங்கள் பட்டியலில் அப்படி ஒரு வரி உண்டா?'
விரலால் கீழே கீழே தள்ளிப் பார்த்தேன்.
இல்லை.
அல்ஜீரியா என்று தொட்டேன். கணினி ஏற்றுக்கொண்டது.

அபிலியோ மலை தாண்டி நடந்து வந்தவர்,
பாதி கிழித்த புகைப்படம் சட்டைப்பையில்.
மெஸ்ஸவூத் ஓரானில் கப்பலேறியவர்.
ஒரே சேற்றில் தகரக் கொட்டகை இருவருக்கும்,
ஒரே கலவை இயந்திரம்.
இந்தக் கட்டிடத்தின் நாலாம் மாடிவரை ஒருவர் வார்த்தது,
மேலே மற்றவர்.
எங்கே மாறுகிறது என்று
படியில் தேடினேன், தெரியவில்லை.

ஞாயிறு பூசையில் அபிலியோவின் பக்கத்தில்
மேஸ்திரி முழந்தாளிட்டிருந்தார்.
அடுத்த மாதம் ஒரு சுவர், சின்ன ஒப்பந்தம்;
அதற்கடுத்து ஒரு கேரேஜ்.
மெஸ்ஸவூதை ஞாயிற்றுக்கிழமைகளில்
பாலத்தடியில் போலீஸ் நிறுத்தியது.
காகிதம் சரியாகத்தான் இருந்தது
ஒவ்வொரு முறையும்.
இதற்கெல்லாம் என்னிடம் கட்டம் இல்லை.

அனுப்பிய விண்ணப்பங்கள்?
'எண்ணுவதை விட்டபோது இருநூற்றுப் பதினொன்று.'
இப்போது வேலை?
'உண்டு. நாலு வருடமாக. கணக்கர்.'
எங்கே?
ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள்.
கீழே நின்றது ஒரு வேன்,
காலையில் பார்த்த அதே கொட்டை எழுத்து.

'போனை எடுத்து கிந்தெலா நிறுவனம் என்பேன்.
நன்றி மதாம் கிந்தெலா என்பார்கள்.
முதல் வருடம் திருத்தினேன்.
திருத்திய மாதங்களில் காசோலை பிந்தி வந்தது.
லூர்தெஸ் ஒன்றும் சொல்லவில்லை, நல்லவள்.
நானே விட்டுவிட்டேன்.'

இரண்டு நெடுவரிசை என் அலுவலகத்தில்.
படிப்பில் இவள் வரிசை மேலே,
வீடு, வேலை, வருமானம், மூன்றிலும் கீழே.
'எதிர்பாராத முடிவு' என்பார் மேலதிகாரி,
வருடா வருடம்,
அதே புருவத்தை அதே உயரத்துக்கு ஏற்றி.
இன்று ஒரு புள்ளி மேலே போகும் இவள் வரிசை:
வேலை, உண்டு.

நாற்பத்தேழு.
'ஏழு போடுங்கள்' என்றாள் சட்டென்று,
பேரம் முடிக்கிற குரலில். பிறகு,
'லூர்தெஸ் எத்தனை போட்டாள்?'
சொல்லக்கூடாது என்றேன்.
சிரித்தாள்.
'ஒன்பது போட்டிருப்பாள்.
அவளுக்குக் கணக்கு எப்போதுமே வராது.
பரீட்சையில் என்னைப் பார்த்துத்தான் எழுதுவாள்.'

மின்தூக்கி அப்போதும் ஓடவில்லை.