எலிக்கு ஊர் காட்டியது

ஞாயிறு, அரை நாள் வேலை.
கொதிகலன் பார்க்க வந்த மெக்சிகோக்காரருக்கு
ஊரைக் கொஞ்சம் காட்டிவிடு என்றார் மேனேஜர் ரஷ்டான்.
எடைப்பாலத்துக் குமாஸ்தாவுக்கு
இது எந்த வேலையில் சேர்த்தி என்று நான் கேட்கவில்லை.
பெட்ரோலுக்கு முப்பது வெள்ளி கொடுத்திருந்தார்.

வந்தவர் பெயர் எலியோதோரோ.
வாய் வலிக்கும், எலி என்றே கூப்பிடுங்கள் என்றார்.
சிரிப்பை அடக்கப் போய்
ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டேன்.

அவர் ஊர் குவானஹுவாதோ. போனில் காட்டினார்:
மலைச்சரிவில் யாரோ கொட்டிவிட்ட
கலர் கலர் தீப்பெட்டிகள்.
ஆற்றை வேறு வழி அனுப்பிவிட்டு
அது ஓடிய குகையில் இவர்கள் கார் ஓட்டுகிறார்களாம்.
ஒரு சந்து,
எதிரெதிர் மாடியிலிருந்து முத்தம் கொடுக்கலாமாம்,
கழுத்து மட்டும் கொஞ்சம் நீளவேண்டும்.
செத்தவர்கள் காய்ந்த தோலோடு கண்ணாடிக்குள் இருக்க
பிள்ளைகள் டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்பார்களாம்.

"உங்கள் ஊரில் என்ன பார்க்கலாம்?"

புக்கிட் லாலாங்கில் ஒரே ஒரு சிக்னல்.
அதுவும் ஹரி ராயாவிலிருந்து
மஞ்சளையே சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

பாருங்கள் என்றேன்.
இது லைசென்ஸ் சோதனையில் நான் மூன்று முறை தோற்ற வளைவு.
அது பேங்க்; இப்போது டாக்டர் சியூவின் பல் கிளினிக்.
பணப்பெட்டி அறையின் இரும்புக் கதவைக் கழற்ற முடியாமல்
உள்ளேயே எக்ஸ்ரே மெஷினை வைத்துவிட்டார்.
கடைவாய்ப் பல் வலித்தால்
ஊரில் எவரும் பெட்டகத்துக்குள் போய் வரலாம்.
எலி இறங்கிப் போய்க்
கதவைத் தட்டிப் பார்த்தார். ஞாயிறு, பூட்டியிருந்தது.

ஹனிபா கடையில் மீ கோரேங்.
சம்பலை விரலால் தொட்டு நக்கியவர்
இது எங்களுடையது என்றார்.
மிளகாயா? எங்களுடையது என்றேன்.
கப்பலில் போனது என்றார். பப்பாளியும்.
தக்காளியும். கொய்யாவும்.
"வந்து நானூறு வருஷம் இருக்குமா?
அப்போ பி.ஆர். கிடைத்திருக்கும் லா"
என்று ஹனிபா பில்லை வைத்தார்.

பதினொரு வெள்ளி.
வெள்ளி என்றால் என்ன என்று கேட்டார்.
பணம் என்றேன். பிறகுதான் தோன்றி,
உலோகமும்தான் என்றேன்.
அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.
அவர் ஊர் மலைக்குள் தோண்டியதே அதைத்தான்.
தாத்தாவின் தாத்தா வரை குழியில்;
குழி வாசலுக்குக் கூடையில் போன சாப்பாட்டுக்கு
இன்றும் சுரங்கக்காரன் பெயர்தான் ஹோட்டலில்.
அந்த வெள்ளியில் அடித்த காசு
கடல் கடந்து இந்தக் கரையிலும் புழங்கியதாம்.
இங்கே பால் மரம் கீறியவன் கையிலும்
ஒன்றிரண்டு வந்திருக்குமோ என்றார்.
வந்திருந்தால் அன்றே
மளிகைக் கடைக்குப் போயிருக்கும் என்றேன்.
இருவரும் கொஞ்ச நேரம்
மீயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இங்கே என்ன செய்யலாம்?"
இதற்குத்தான் விடை இருந்தது.
ஆளில்லாத மில் வாசலைத் திறந்து
விவாவை எடைப்பாலத்தில் ஏற்றினேன்.
அவரோடு ஒரு முறை. அவரை இறக்கிவிட்டு ஒரு முறை.
வித்தியாசம் தொண்ணூறு கிலோ;
பத்து கிலோ முன்னே பின்னே இருக்கும்,
லாரிக்குச் செய்த தராசு.
சரக்கு என்ற இடத்தில்
பழக்குலை தவிர வேறெதையும் மெஷின் ஏற்காது.
அனுப்பிய இடத்தில் அவர் ஊரை
எழுத்துக்கூட்டி அடித்தேன்.
சீட்டை மடித்துப்
பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இருட்டிவிட்டது. செம்பனை வரிசைக்கு நடுவில்
கம்பத்தின் மேல் மரப்பெட்டி.
கார் விளக்கை அணைத்தேன்.
வெள்ளை முகம் ஒன்று எட்டிப் பார்த்து,
சத்தமே இல்லாமல்
எங்கள் தலைக்கு மேலே போனது.

தோட்டமே வளர்க்கிற ஆந்தையா,
இது என்ன சாப்பிடும் என்றார் மெதுவாக.

அவசரத்தில் இங்கிலீஷ் வார்த்தை வரவில்லை.
எலி என்றேன்.

"சொல்லுங்கள்" என்றார்.