முழு வரி

பல் டாக்டர் நாச்சம்மை
இரண்டு கொட்டேஷன்களோடு வந்தார்.
காரைக்குடி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிர்ச்சாரி.
ஜெராக்ஸ் மெஷின் மேல்
நான் டீயை வைத்த நேரம்.

ஒன்று பேட்டரி வண்டி.
இன்னொன்று பெட்ரோல், முந்நூறு குதிரை,
நாலரை நொடியில் நூறைத் தொடும்.
"ரெண்டும் ஒரே விலைதான் ஜமால் பாய்.
ரோட்டுக்கு வர என்ன ஆகும், அதைச் சொல்லுங்க."

கால்குலேட்டர் தேவையில்லை,
இருபத்திரண்டு வருஷத் தொழில்.
ஜி.எஸ்.டி. பேட்டரிக்கு ஐந்து, மற்றதற்கு நாற்பது.
இரண்டும் விலைக்குள்ளேயே இருக்கும்,
கந்தரப்பத்துக்குள் வெல்லம் போல,
தனியே கிள்ளிக் காட்ட முடியாது.
வெளியே தெரிவது சாலை வரி:
ஐம்பத்தைந்து லட்சத்துக்கு இருபது சதவீதம்.
பதினோரு லட்சம்.
பேட்டரி வண்டிக்கு அந்தக் கட்டத்தில்
ஒரு பூஜ்யம். இன்றைய தேதிக்கு.

பதினோரு லட்சத்துக்கு எத்தனை ரூட் கெனால் என்று
அவர் உதடு எண்ணியது.

"பச்சை பிளேட்டே போட்டுடுங்க மேடம்."
அதில் எனக்குக் கமிஷன் குறைவு,
இருந்தும் சொன்னேன்.
யாராவது இதைக் குறித்துவைக்கலாம்.

அப்போதுதான் வீடு குறுக்கே வந்தது.
கானாடுகாத்தானில் பதினான்கு பங்கு வீடு.
அவருக்கு மாடியில் இரண்டு அறை,
பின்கட்டில் கார் நிற்கிற அளவு நிழல்.
சார்ஜருக்குப் புது மின் இணைப்பு வேண்டும்,
இணைப்புக்கு "ஆட்சேபணை இல்லை" என்று
மற்ற பதின்மூன்று பேர் கையெழுத்து.
ஒருவர் பினாங்கில்.
ஒருவர் டொராண்டோவில், போன் எடுப்பதில்லை.
இருவர் ஒருவர் மேல் ஒருவர் கேஸ் போட்டு
தேவகோட்டைக் கோர்ட்டில் மட்டும் சந்திக்கிறவர்கள்.
ஒருவர் இறந்துவிட்டார், வாரிசு ஏழு.
ஆக, பத்தொன்பது.

"கிளினிக்கில் போடலாமே?"
"வாடகைக் கட்டடம் பாய். கீழே நகைக்கடை.
ஒன்பது மணிக்கு ஷட்டர்."

வெளியே என் ஸ்கூட்டர் சார்ஜில் நின்றது.
என் மீட்டர், என் சுவர்,
ஒற்றைக் கையெழுத்து.
சத்தமில்லாததால்
நாய்கள்கூட அதைத் துரத்துவதில்லை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:
"அவர் இருந்தவரைக்கும்
கோயில் நோட்டுல நாங்க ஒரு புள்ளி.
இப்ப நான் அரைப்புள்ளி.
பாதி வரி கட்டினாப் போதும்.
சலுகைதான்.
தப்பா யாரும் ஒண்ணும் சொல்லலை பாய்,
நோட்டுல எழுதுறாங்க, அவ்வளவுதான்."

டீயில் ஆடை படிந்துவிட்டது.

"அந்தப் பதினோரு லட்சத்தை
முழுசா போடுங்க.
முழு ஆளுக்குப் போடுற மாதிரி."

சர்வர் மூன்று முறை தொங்கியது.
காத்திருந்த நேரத்தில் அவராகவே
மதுரை பைபாஸில் ஓட்டிப்பார்த்த கதை சொன்னார்.
"பதினெட்டு வருஷமா
பல் குடையுற மெஷின் சத்தம்தான் காதுல.
முள்ளு சிவப்பைத் தொட்டப்ப
வண்டி கத்துச்சு பாருங்க,
கூட நானும் கத்திட்டேன்.
சேல்ஸ் பையன் பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டான்."

ரசீதைப் பிரிண்ட் எடுத்தேன்.
பணம் செலுத்தியவர் பெயர்: நாச்சம்மை.
இரண்டாக மடித்தார்.
மறுபடி பிரித்து,
மடிப்பு விழாமல் ஃபைலில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து வந்தது,
சிவப்பாக, தரையோடு தரையாக.
எங்கள் வாசல் வேகத்தடையில்
கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏறி,
நடுவில் அடிவயிறு உரசி
கரக்கென்று ஒரு சத்தம்.
தெருவே பல்லைக் கடித்தது.
கண்ணாடி இறங்கியது.

"இதுக்கு எத்தனை பர்சென்ட் பாய்?"