மேசைத்துணி எழுபத்திரண்டு

வானொலி சொல்கிறது,
முதலீட்டுக்கு வானிலை கனிந்துவிட்டதாம்.

எனக்குத் தெரிந்த வானிலை
கொடியில் துணி காயும் நேரம்.
போர் ஜான்டியில் அது ஒருநாளும் கனிந்ததில்லை.
கடல் மூன்று பக்கமும் நின்று
காற்றை நனைத்துக்கொண்டே இருக்கும்.
முனைக்கு அப்பால் வாயுச்சுடர்
நான் பள்ளிக்குப் போன நாளிலிருந்து எரிகிறது,
ஒரு கைக்குட்டையைக்கூட உலர்த்தித் தந்ததில்லை.

என் பெயர் புல்ஷெரி ஒகன்தாகா.
சலவைக்கடை, படகுத்துறைக்குப் போகும் வழியில்,
டயர் ஒட்டுகிறவனுக்கு அடுத்த கதவு.
பொருளாதாரம் படித்ததில்லை,
ஆரஞ்சு நிற வேலையங்கிகளை எண்ணுவேன்.
வாரத்துக்கு முந்நூற்று நாற்பது வந்த காலத்தில்
இரண்டாவது இயந்திரம் வாங்கினேன், கடனில்.
விலை விழுந்த வருடம் தொண்ணூறு.
அதற்கடுத்த மழைக்காலம் பதினொன்று.
அந்தப் பதினொன்றில் ஒன்று
யாரும் போட்டு அழுக்காக்காதது.
வேலை போன பிறகும் ந்ஸியெங்கி
திங்கள்தோறும் அதைக் கொண்டுவந்தான்,
மனைவிக்குத் தெரியக்கூடாதென்று.
துவைத்தேன். காசும் வாங்கினேன்.
வாங்காமல் விட்டிருந்தால்
எனக்கு விளங்கிவிட்டதென்று
அவனுக்கு விளங்கியிருக்கும்.

மேல் அலமாரியில் இன்னும் பதினேழு கிடக்கின்றன,
சீட்டோடு, மடித்தபடி.
நெஞ்சில் பெயர் தைத்தவை: பூஸுகூ, ரெம்பானோ,
ஃபின்லே என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரன்.
அந்துப்பூச்சிக்குப் பெயர் படிக்கத் தெரியாது.

இந்த வாரம் ஓட்டலிலிருந்து வேறு மூட்டை.
மேசைத்துணி எழுபத்திரண்டு,
கைத்துணி முந்நூறுக்குப் பக்கம்.
அமைச்சர் வந்திருந்தார்,
விமானத்தில் இறங்கியவர்கள் வந்திருந்தார்கள்,
மூன்று நாள் கூட்டம்.
அழுக்கைப் படிப்பது என் தொழில்.
முதல் நாள் காபி.
இரண்டாம் நாள் இறால் எண்ணெய், விளிம்புவரை;
கையை ஆட்டி ஆட்டிப் பேசியிருக்கிறார்கள்.
மூன்றாம் நாள் சிவப்பு ஒயின்.
யாரோ எழுந்து கைகுலுக்கியதில் கவிழ்ந்தது.

ஒரு கைத்துணியில் பேனா எழுத்து.
பதினைந்து, அடித்திருந்தது.
பன்னிரண்டு, அடித்திருந்தது.
ஒன்பது. அதைச் சுற்றி வட்டம்.
கீழே இன்னொரு கையெழுத்தில் ‘சரி’,
அதன்மேல் ஒரு சொட்டுக் குழம்பு.

எதில் பதினைந்து, எதில் ஒன்பது,
எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்?
பேரம் தெரியும். மீன்சந்தையில்
நானும் பாதி விலையில்தான் தொடங்குவேன்.
ஆனால் மீன்காரி தன் மீனைத்தான் விற்கிறாள்.

அன்றும் குழாயில் தண்ணீர் இல்லை.
தள்ளுவண்டிப் பையனிடம் கேட்டேன்,
“பீப்பாய் என்ன விலை?”
கேட்ட பிறகுதான் உறைத்தது,
காலையில் வானொலியும்
இதே கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
அங்கே இரண்டு டாலர் ஏற்றம்.
இங்கே ஐந்நூறு பிராங்கு.
“ஏன் ஏற்றினாய்?”
“பம்புக்கு ஊற்றப் பெட்ரோல் கிடைக்கல, மதாம்.”

வாங்கித்தான் வெளுத்தேன்.
இறால் எண்ணெய் சோப்புக்குப் போனது,
ஒயின் உப்புக்கும் வெந்நீருக்கும்.
எழுத்துதான் முரண்டு பிடித்தது.
எலுமிச்சை, ஸ்பிரிட்,
கடைசியில் மருமகளின் நகப்பூச்சு அழிக்கும் திரவம்.
பதினைந்து போயிற்று. பன்னிரண்டு போயிற்று.
‘சரி’கூட மங்கிவிட்டது.
அழுத்தி எழுதிய ஒன்பது நிற்கிறது, வட்டத்தோடு.

ஓட்டல் கணக்கர் எண்ணினார்.
கைத்துணி ஒன்று கெட்டது, பிடித்தம் இரண்டாயிரம்.
மீதி தொண்ணூறு நாளில்.
“கறை உங்கள் கையில்தானே தங்கியது, மதாம்.”

ஆகவே துணி இப்போது என்னுடையது.
நாலு மூலையிலும் கல் கட்டி
முற்றத்துப் பீப்பாய்க்கு மூடியாகப் போட்டிருக்கிறேன்,
கொசு இறங்காமல்.

நேற்று ந்ஸியெங்கி வந்தான், திங்கள்கூட இல்லை.
“வானொலி கேட்டீர்களா? ஆள் எடுக்கிறார்களாம்.”
அங்கியை இஸ்திரி போடச் சொல்லி
பக்கத்திலேயே நின்றான்.
காசு நீட்டினான், வாங்கிக்கொண்டேன்.
முகம் கழுவத் தண்ணீர் கேட்டு
துணியை விலக்கப் போனவன்
வட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.
“எனக்கும் ஒன்பது மணிக்குத்தான்
வரச் சொல்லியிருக்கிறார்கள்.”