நாலாம் சேனல்

ராயக்கோட்டை ரோட்டுக் கல்யாண மண்டபத்தில்
மூன்று நாள் முகாம்.
ஸ்பீக்கர் எட்டு, கார்ட்லெஸ் மைக் நாலு,
ஜெனரேட்டர் தனி.
அட்வான்ஸாக ஐயாயிரமும்
ஒரு சாமந்தி மாலையும் தந்தார்கள்.

அவர் சாமியார் இல்லை.
அதை அவரே மூன்று முறை சொன்னார்.
காவி இல்லை, தாடி இல்லை,
நீல ஜீன்ஸ், வெள்ளை ஷூ.
'நான் குரு இல்லை,
உங்கள் முன்னால் ஒரு கண்ணாடி' என்றார்.
அந்தக் கண்ணாடிக்கு மட்டும்
எக்கோ கொஞ்சம் கூட்டச் சொல்லிக்
காலையிலேயே தாள் கொடுத்திருந்தார்கள்.

தாளில் எல்லாம் இருந்தது.
பத்து நாற்பதுக்குப் புல்லாங்குழல்.
பதினொன்று ஐந்துக்கு 'அம்மா' என்ற சொல்,
பின்னாலேயே பன்னிரண்டு நொடி மௌனம்,
விளக்கைக் குறைக்கவும்.
பதினொன்று பத்து: அழுகை.

அழுதார்கள்.
மாங்கூழ் ஆலை சூப்பர்வைசர் அழுதார்,
கிரானைட் லாரி ஓட்டுகிறவர்,
ஓசூரில் இரவு ஷிஃப்ட் முடித்துத்
தூங்காமல் பஸ் ஏறி வந்த பையன்கள்.
தாளைக் கையில் வைத்திருந்த எனக்கே
பதினொன்று பன்னிரண்டுக்குக் கண் முட்டியது.
சொல்ல வெட்கம்தான்.
வயர் சுற்றுகிற திம்மராயன் பார்த்துவிட்டு
'என்னண்ணே, தூசா?' என்றான்.
'தூசுதான்டா.'

முதல் படிக்கு மூவாயிரம்.
இரண்டாம் படிக்கு இருபதாயிரம்.
மூன்றாம் படிக்கு எவ்வளவென்பது
இரண்டாம் படி ஏறியவருக்குத்தான் தெரியும்.
நாற்பது நாள் வீட்டாரோடு பேச்சு கூடாது.
சந்தேகம் வந்தால் அது பழைய நீ,
அதற்குச் சோறு போடாதே.
வரும்போது இன்னும் மூன்று பேரைக் கூட்டி வா.

மூன்றாம் நாள் கேள்வி நேரம்.
நாலாம் சேனல் மைக்
கை கையாய்ப் போய்
பர்கூர்ப் பக்கத்து டீச்சர் ஒருத்தியிடம் நின்றது.
நாகவேணி என்று கழுத்து அட்டையில் இருந்தது.
மற்றவர்கள் நன்றி சொல்லித் தொடங்கினார்கள்.
அவள்,
'எங்க வீட்டுக்காரர் மூணாவது படியில இருக்கார்.
மாந்தோப்பை உங்களுக்கு எழுதிக் கொடுத்துட்டார்.
முப்பத்தெட்டு மரம், அத்தனையும் பெங்களூரா,
காய்க்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்தான்.
பொண்ணு போன் பண்ணா எடுக்கிறதில்ல.
அவர் இப்போ எங்க...'

வெள்ளைச் சட்டைத் தொண்டர் ஒருவர்
என் பக்கம் திரும்பி
இரண்டு விரலைத் தாழ்த்தினார்,
பூவைத் தண்ணீரில் விடுவதுபோல.

சுட்டுவிரல் நுனி போதும்.
நாலாம் சேனலைக் கீழே இழுத்தேன்.
யாரும் அவளை அதட்டவில்லை,
கையைப் பிடித்து இழுக்கவில்லை.
வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
'பாருங்கள்' என்றார் கண்ணாடி,
'வலி எப்படிப் பேச்சை விழுங்குகிறது.'
கைதட்டினார்கள்.
பக்கத்து நாற்காலிக்காரி எழுந்து
அவளைக் கட்டிக்கொண்டாள்.
அந்தப் பிடி தளரவே இல்லை,
வாசல் வரைக்கும்.

பாக்கி பன்னிரண்டாயிரம் கேட்டபோது
'சமர்ப்பணமா வெச்சுப் பாருங்க,
பத்து மடங்கா வரும்' என்றார்கள்.
ஜெனரேட்டரை அணைத்துவிட்டு
இருட்டில் உட்கார்ந்தே வாங்கினேன்.
என் காசுக்கு என்றால்
எனக்குக் குரல் இருந்தது.

அதற்கப்புறம் பர்கூர் போகும்போதெல்லாம்
பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்தைத்
தவிர்த்து வருகிறேன்.

போன ஆடியில்
காவேரிப்பட்டினம் தாண்டி ஒரு ஊர்த் திருவிழா.
நாடகம் தொடங்குமுன்
குடித்திருந்த ஒருவன் மேடையேறி
மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.
தர்மகர்த்தா என்னைப் பார்த்து
அதே இரண்டு விரல்.
பீடி தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன்.
நேரம் எடுத்துத் தேடினேன்.

'காலனிக்கு ஒம்பது நாளா தண்ணி வரல.
மோட்டார் யார் வீட்டு நெல்லுக்கு ஓடுது?
சொல்லட்டுமா?
சொல்லட்டுமா?'

எட்டு ஸ்பீக்கரிலும் போனது.
எதிர்க் கரட்டில் மோதி
இன்னொரு தரம் வந்தது.
அந்த எக்கோ
நான் வைத்ததில்லை.