சண்டை வராத பெட்டி

பாடாங் செராய் சந்தைக்குப் பின்னால்
ஆ லெக் கடையில்
பள்ளிக்கூடப் பைகளுக்கும் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவே
ஆட்டப் பெட்டிகள் அடுக்கிய அலமாரி முன்
இருபது நிமிடமாக நிற்கிறோம்.

என்ன வேணும், என்கிறான்.
சண்டை வராதது, என்கிறேன் மலாயில்.
கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?
பதினொன்று.
சிரிக்காமல் கால்குலேட்டரைத் துடைக்கிறான்.

கேரம் வீட்டில் இருக்கிறது,
கட்டிலுக்கு அடியில், சுவரைப் பார்த்தபடி.
சிவப்புக் காயை நான் போட்ட இரவில்
குணாளன் பவுடர் டப்பாவை மூடிய சத்தம்
இன்னும் காதில் நிற்கிறது.
அவர் கத்தமாட்டார்.
கத்தினால் பதிலாவது சொல்லலாம்.
மூடிகளை மட்டும் அழுத்தி மூடுவார்:
டப்பா மூடி, சோற்றுப் பானை மூடி,
விடிந்தால் லாரிக் கதவு.

நானும் லேசுப்பட்டவள் இல்லை.
ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
செம்பனைக் குலை ஏற்றிவரும் வண்டியை
ஒரு கிலோ விடாமல் எழுதுகிற கை
வீட்டுக்கு வந்த பிறகும் எழுதும்:
யார் யாரை எத்தனை முறை வெட்டியது,
பாயோரம் விழுந்த தாயம் செல்லும் என்று
போன மாதம் சொன்னது யார்.

ஒரு தீபாவளிக்குச் சைடினா வாங்கினோம்.
என் வீடு கட்டிய கட்டத்தில் வந்து நின்றார்.
வாடகை, என்றேன் விளையாட்டாக.
கையில் இல்லை, என்றார்.
அப்படியானால் காலி பண்ணுங்கள், என்றேன்.
தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி
நிர்வாகத்திலிருந்து காகிதம் வந்த வருஷம் அது.
சொன்ன பிறகுதான் நினைவு வந்தது.
மறுநாள் அந்தப் பெட்டி
என் தம்பி பிள்ளைகளிடம் போய்விட்டது.

பாம்பும் ஏணியும் பரவாயில்லை,
பாம்பு யார் பக்கமும் பேசாது.
ஆனால் நாற்பது வயதில்
தொண்ணூற்றெட்டிலிருந்து வழுக்கி வருவதை
வேடிக்கை என்று சொல்ல
எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.

ஆ லெக் முக்காலி மேல் ஏறி
மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டுகிறான்.
இதில் இரண்டு பேரும் ஒரே பக்கமாம்.
எதிராளி வெள்ளம்.
மூடியில் ஒரு கூரை, கூரை மேல் ஒரு கோழி.
நாற்பத்தைந்து வெள்ளி.
முப்பத்தெட்டு, என்றார் அவர்.
முப்பத்தைந்து, என்றேன் நான்.

அன்றிரவு நல்ல மழை.
ஊரைக் காப்பாற்ற உட்கார்ந்த பத்தாவது நிமிடம்
அங்கே வைக்காதே லோகேஸ், இங்கே வை, என்றார்.
உங்கள் படகை நீங்கள் பாருங்கள், என்றேன்.
வெள்ளம் அதன் பாட்டுக்கு இருந்தது.
நாங்கள்தான் ஏறிக்கொண்டிருந்தோம்.
அவர் கை பெட்டியின் மூடியைத் தேடிப் போனது.

போன கை பாதியில் நின்று
கச்சாங் பூத்தே பொட்டலத்தை எடுத்தது.
புதுச் சட்டம், என்றார்.
விதித்தாளில் எங்கும் இல்லாத சட்டம்:
மற்றவர் முறை நடக்கும்போது
நம் வாயில் இது இருக்க வேண்டும்.

அவர் தவறான கட்டத்துக்குத்தான் போனார்.
தெரிந்தது. மென்றேன்.
பட்டாணி கல் மாதிரி.
கோழி போயிற்று.
என் முறையில் நான் பாலத்தை விட்டேன்.
எதிரே
மெல்லும் சத்தம் ஒன்றுதான்.

ஒன்பது மணிக்குள் ஊர் மொத்தமும் முழுகியது.
கணக்கு எழுதத் தாளை எடுத்தேன்.
என் பெயருக்கும் அவர் பெயருக்கும் இடமில்லை.
வெள்ளம், நாம் என்று இரண்டே கட்டம்.
வெள்ளத்துக்கு ஒரு கோடு போட்டேன்.
ஞாயிற்றுக்கிழமைக்குள் அங்கே ஏழு கோடு.
நம் பக்கம் வெள்ளைத் தாள்.
கேரம் பவுடரை எடுத்து
வேர்க்குருவுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

திங்கள் காலை ஆலையில்
நான்காவதாக வந்து மேடை ஏறியது அவர் லாரி.
கண்ணாடியை இறக்கி,
வரிசையில் பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க,
முதல்ல கோழியைத் தூக்கியிருக்கணும், என்றார்.
தெரியும், என்றேன்.
அப்பவே தெரியுமா?
வாயில் பட்டாணி இருந்ததே.

மூடாத கண்ணாடியோடு வண்டி இறங்கிப் போனது.
எடையை எழுதினேன்,
ஒரு கிலோ விடாமல்.