நாலேகால்

நாலேகாலுக்குச் சங்கிலி போடவேண்டும்.
அதுதான் என் வேலை.
மீதி நேரமெல்லாம்
தொங்கு நாற்காலிகளின் மடியில் விழுந்த பனியைத்
துடைப்பத்தால் தட்டிவிடுவது,
ஏறுகிறவர்களின் முழங்காலில்
நாற்காலி வந்து இடிக்காமல்
கொஞ்சம் பிடித்துக் கொடுப்பது.

முகட்டுக்கு அந்தப்புறம் எங்கள் ப்ரெவால்.
ஒரு ரொட்டிக்கடை, இரண்டு விடுதி,
ஒன்பது தெருவிளக்கு.
இந்தப்புறம் நூற்றெழுபது லிஃப்ட் ஓடும் பெரிய உலகம்.
அதில் ஓர் ஊர், கான்கிரீட்டில் முளைத்தது,
எங்கள் பெயரை எடுத்து
முன்னால் 'மேல்' சேர்த்துக்கொண்டது.
நாளடைவில் 'மேல்' உதிர்ந்துவிட்டது.
இப்போது ப்ரெவால் என்றால் அது.
நாங்கள் 'அந்த இன்னொன்று'.

இரண்டுக்கும் நடுவே இந்த ஒரு கம்பிவடம்.
தவறவிட்டவர்கள்
மலையைச் சுற்றித்தான் வரவேண்டும்:
தொண்ணூற்றேழு கிலோமீட்டர்,
இருநூற்று நாற்பது யூரோ.
டாக்ஸி ஓட்டுவது என் மனைவி ஒடில்.

ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் இல்லை.
"அன்செல்ம் கடிகாரம் இரண்டு நிமிஷம் முந்தி ஓடும்.
ஒடிலுக்குப் புது டயர் வேண்டுமென்றால் நாலு."
பொய்.
டயர் வேண்டும் என்பது மட்டும் மெய்.

நேற்று பகல் முழுக்கப் பனி.
உருளைகளில் வடம் ஏறும் கடகடப்பைக்கூட
பஞ்சில் சுற்றி வைத்தாற்போல.
நாலு பதினாலுக்கு
மேலே சரிவில் ஒரு சிவப்புப் புள்ளி.
இடப்பக்கம் நீளமாக வந்தது, நின்றது,
யோசித்தது,
வலப்பக்கம் நீளமாகப் போனது.
விழுந்தது.
எழுவதற்கு முன் கொஞ்சம் உட்கார்ந்தது.

என் கையில் சங்கிலி.
மேல்நிலையத்திலிருந்து ஃபிர்மேன் வயர்லெஸ்ஸில்:
"முடிச்சாச்சா?"
"நாற்காலியில் பனி. தட்டிக்கொண்டிருக்கிறேன்."
பதினோரு நிமிஷம் தட்டினேன்,
ஏற்கெனவே தட்டிய நாற்காலிகளை.

வந்து சேர்ந்தார்.
அறுபது வயது, புருவத்தில் பனி,
மூச்சிரைக்க ஒரே ஒரு சொல்:
"ப்ரெவால்?"

நான் கை நீட்டினேன்.
கீழே, இடதுபுறம், பாலம் தாண்டி,
நீலக் கம்பங்களை விடாமல் பிடித்துக்கொண்டு.
எல்லோருக்கும் அப்படித்தான் காட்டுவேன்.
ஊன்றுகோலை உயர்த்தி நன்றி காட்டிவிட்டுப்
போனார்.

கடைசி நாற்காலியில் தனியாக ஏறினேன்.
பக்கத்து மூன்று இருக்கைகளில் பனி ஏறியது.
முகட்டில் ஃபிர்மேன் ஒன்றும் கேட்கவில்லை,
சுவிட்சை அணைத்த விதத்தில் கேட்டான்.

ஏழு மணிக்குத் தொலைபேசி.
எழுதிக்கொண்டே ஒடில் என்னைப் பார்த்தாள்.
"மேல் ப்ரெவாலில் ஒருத்தர் நிற்கிறார்.
நம்ம ரொட்டிக்கடை மாடியில் அறை எடுத்திருக்கிறாராம்.
லிஃப்ட்காரரே வழி காட்டினாராம்."

சூப்பில் கரண்டி நின்றது.
"சிவப்புக் கோட்டா?"
பதில் இல்லை. சங்கிலியை எடுத்தாள்,
டயருக்குப் போடுகிற சங்கிலி.

காலையில் என் முன்னால்தான் இறங்கிப் போயிருப்பார்.
முகம் பார்க்கிற வேலை இல்லை என்னுடையது,
முழங்கால் பார்க்கிற வேலை.
இருபத்தாறு குளிர்காலமாக
எங்கள் ஊரைப் பெயர் சொல்லி
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
அல்லது
கேட்டவர்களுக்கெல்லாம் நான்
பாலத்தைக் காட்டியிருக்கிறேன்.

"பாதிக் கூலி வாங்கிக்கொள்" என்றேன்.
"முழுசும் வாங்குவேன். பாதி நீ கொடு."

வாசலில் முழங்கால் அளவு பனி.
மண்வாரியால் நான் தள்ளித் தள்ளி முன்னே போக,
விளக்கைப் போட்டுக்கொண்டு
வண்டி என் பின்னாலேயே ஊர்ந்து வந்தது
ஒன்பதாவது கம்பம் வரை.